குழாய்க் கணக்கு

மினசோட்டாவின் பனி சலவைக்கூடத்துக் கண்ணாடிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே துணி உலர்த்தும் இயந்திரங்களின் உறுமல், சோப்பு வாசனை, வெதுவெதுப்பான காற்று. பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு நாளை. போன வருஷம் உயிரியலிலும் வேதியியலிலும் தலைநிமிர்ந்து நின்ற ரெனாட்டாவைக் கணக்குதான் கவிழ்த்துவிட்டது. இப்போது ஈரத் துவாலையை மார்போடு அணைத்தபடி கண்களை மூடி நிற்கிறாள். துணி மூட்டைமேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கிறாள் அறைத்தோழி ஓடலிஸ். “பல்லப் புடுங்கப் போறவளுக்கு எதுக்குடி தண்ணித்தொட்டிக் கணக்கு?” “வாயக் கொப்பளிக்கச் சொல்லணும்ல? படிடி,” என்கிறாள் ரெனாட்டா. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில், இரண்டையும் சேர்த்துத் திறந்தால்... போன வருஷம் இப்படியொரு கணக்கின் முன்னால்தான் அவள் பேந்தப் பேந்த விழித்தாள். ஓடலிஸ் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. “ரெண்டு மணி நேரம்.” ஓடலிஸ் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டுகிறாள். விடையில் விரல் நிற்கிறது. “அடிப்பாவி!” அவள் போட்ட கூச்சலில், மூலையில் காலுறை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்ன ஏதென்று தெரியாமலேயே கைதட்டுகிறார். ரெனாட்டா துவாலையைத் தலைக்குமேல் சுழற்றுகிறாள். தெறித்த துளிகள் குழல்விளக்கில் மின்னி விழுகின்றன. அவர்களுடைய இயந்திரம் ஓடி நின்றுவிட்டது. துணியை எடுக்க இருவருக்குமே தோன்றவில்லை. “அடுத்ததப் படிடி,” என்கிறாள் ரெனாட்டா, “இதவிடக் கஷ்டமானதா!”