சுண்டுவிரலில் மோதிரம்

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், மகளை மடியில் வைத்தபடி கணவன் உட்கார்ந்திருக்கிறான். மனைவியின் மோதிரம் அவன் சுண்டுவிரலில் மின்னுகிறது. விமானத்தில் கை வைப்பவர்கள் நகை போடக் கூடாது. அந்தப் பக்கம், வெள்ளை வெளிச்சத்தில், குழந்தைக்காக வேலையை விட்ட விமான மெக்கானிக்கான அவன் மனைவி மறுபடி வேலை கேட்டு ஸ்பேனரால் தேர்வு எழுதுகிறாள். இன்ஜின் மூடியை மாட்டுவதுதான் பாக்கி. மற்ற மேஜைகளில் தேர்வு எழுதுபவர்கள் மாட்டிவிட்டுக் கை துடைக்கிறார்கள். இவள் மட்டும் கருவிகளை மாட்டி வைக்கும் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தேர்வாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அவள் தலையாட்டி மறுக்கிறாள்.

"அம்மா ஏம்ப்பா மூடல?"

"பலகையில ஒரு இடம் காலியா இருக்கு பாரு. அந்த ஸ்பேனர் இன்ஜினுக்குள்ள கிடந்தா விமானம் என்னாகும்? வீட்டுல ஒரு ஸ்பூன் காணோம்னாலே குப்பைக்கூடையைக் கவுத்துடுவாளே உங்கம்மா!"

தேர்வாளர் சிரித்தபடி தன் கோட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்த ஸ்பேனர்களை எடுத்து வைக்கிறார், மேஜைக்கு ஒன்று. மற்றவர்கள் முகம் வெளுக்கிறது. இவளிடம் மட்டும், "எப்ப வந்து சேர்றீங்க?" என்று கை குலுக்குகிறார்.

வெளியே வந்தவள் மோதிரத்துக்குக் கை நீட்டுகிறாள். அது கழல மாட்டேன் என்கிறது.

"இழுக்காதம்மா, இங்கேயே இருக்கட்டும்" என்று கணவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். "வேலைக்குப் போற கைக்கு இது எதுக்கு?"