வேப்பங்குழை தின்ற ஆடு

அம்மை போட்ட வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாசல் நிலையில் வேப்பங்குழையைச் செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் நர்ஸ் செண்பகவல்லி வாரம் ஒருமுறை தெருத்தெருவாக நடந்து, குழை தொங்கும் வாசல்களை எண்ணி எழுதிக்கொடுப்பாள். "இலைய எண்ணுறதெல்லாம் ஒரு கணக்காம்மா? வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டு எழுதும்மா" என்று சுகாதார ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் சலித்துக்கொள்வார்.

போன வாரம் நான்கு வாசல். இந்த வாரம் ஒன்றுகூட இல்லை. 'அம்மை இல்லை' என்று குஷியாக எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிரே பேச்சிமுத்துவின் வெள்ளாடு எதையோ மென்றபடி வந்தது, பின்னாலேயே அவரும். வாயோரத்தில் வேப்பிலை.

"கட்டிப் போட மாட்டீங்களாண்ணே?"

"கயித்த அத்துக்கிட்டு ஓடிருது நர்சம்மா. ரெண்டு நாளா வீடு வீடாப் போயி வேப்பங்குழையத்தான் உருவித் திங்குது."

அவள் எழுதியதை அடித்தாள். ஆட்டைப் பிடிக்கப் போனவரை, "விடுங்க, அது போவட்டும்" என்று தடுத்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தாள். ஆடு நான்கு வாசலையும் முகர்ந்துவிட்டு, அவள் ஒருநாளும் எண்ணப் போகாத ஒரு தெருவுக்குள் திரும்பியது. அங்கே ஒரு பச்சைக் கதவின் முன் முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. நிலையில் புதுக்குழை. சுகாதார ஆய்வாளரின் வீடு.

ஆடு வாய் வைப்பதற்குள் ஓடிப்போய் எண்ணிக்கொண்டாள்: ஒன்று.