ஆறப் பொறுத்தவர்

பச்சை வண்டி நகரவே இல்லை.

தொடக்கக் கோட்டில் இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் முதல் விளக்கு எரிந்துவிட்டது. ஒரு சாண் முன்னால் நகர்ந்தால் இரண்டாவது விளக்கும் எரியும். இருவரும் நகர்ந்தால்தான் பந்தயம் தொடங்கும்.

யார் முதலில் நகர்வது என்பதில்தான் வம்பு. முதலில் போனவர் பாய்ச்சலை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்; அடுத்து வருபவர் தன் வசதிக்கு வந்து நிற்கலாம்.

சிவப்பு வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவருக்கு வயது அறுபத்தொன்று. பத்தடி பின்னால் நின்றவள் அவருடைய மருமகள். வண்டிக்கு மெக்கானிக்கும் அவள்தான்.

பின் கண்ணாடியில், வெளியே நிற்பவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு மீட்டரை ஒட்டி வைத்திருந்தாள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடும் ஆயிலின் சூட்டை அது காட்டும்.

நூற்றுப் பதினெட்டு.

நூற்று நாற்பதைத் தொட்டால் ஆயில் கருகும், உள்ளே இருக்கும் தட்டுகளும் கருகும். சாப்பாட்டு மேஜையை மூன்று வாரம் ஆக்கிரமித்து அவளே கோத்த கியர்பாக்ஸ் அது. மாற்றுக்கு வேறு இல்லை.

இன்று தோற்றால் இனி ஓட்டுவதில்லை என்று வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மாமியார் வந்திருந்தார்.

முந்தைய ஓட்டம் முடிந்து அரை மணிகூட ஆகவில்லை. அந்த அரை மணியில் அவள் செய்யாத வைத்தியம் இல்லை. அடியில் ஐஸ் மூட்டை கட்டினாள். கூலருக்கு எதிரே டேபிள் ஃபேன் வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தைக்குக்கூட யாரும் அவ்வளவு செய்திருக்க மாட்டார்கள்.

நூற்று இருபத்து மூன்று.

கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் வண்டி நிற்கும், உள்ளே ஆயில் மட்டும் சுழன்று சுழன்று கொதிக்கும். பச்சை வண்டிக்காரன் எதிர்பார்த்ததும் அதைத்தான். மாமியாருக்குப் பொறுமை கிடையாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டார். அழைப்பு மணியை அடித்தால், கதவு திறப்பதற்குள் இன்னும் மூன்று தடவை அடிப்பார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள். இவர் ஆக்கவே பொறுக்காதவர்.

நூற்று இருபத்தொன்பது.

கொடிக்காரர் இருவரையும் பார்த்துக் கையை ஆட்டினார். பச்சை வண்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது.

அப்போது சிவப்பு வண்டியின் உறுமல் மாறியது. பின்பக்கம் லேசாகத் தளர்ந்து உட்கார்ந்தது.

மருமகளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. மாமியார் நியூட்ரலுக்குப் போய்விட்டார். இறுதிப் பந்தயத்தில், கோட்டில் நின்றுகொண்டு!

நியூட்ரலில் இன்ஜின் ஓடினால் ஆயில் வீணாகக் கொதிக்காது, கூலருக்குப் போய் ஆறி ஆறித் திரும்பும். அணைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். எப்போதோ பாத்திரம் கழுவும்போது அவள் சொன்னது. மாமியார் காதில் வாங்கியதாகவே அன்று தெரியவில்லை.

ஆனால் அவன் சட்டென்று நகர்ந்து இரண்டாவது விளக்கை எரித்துவிட்டால், இவருக்கு ஏழே நொடி. அதற்குள் கியரைப் போட்டு நகர்ந்து நிற்க வேண்டும். தவறினால் தோல்வி.

முள் தயங்கியது. பிறகு இறங்கத் தொடங்கியது.

நூற்று இருபத்து நான்கு. நூற்றுப் பதினேழு.

ஹெல்மெட் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. மருமகள் முள்ளை விட்டுவிட்டு அந்த ஹெல்மெட்டையே பார்த்தாள். ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனுஷியை இன்றுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

நூற்று நான்கு.

பச்சை வண்டியின் அடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. காத்திருக்க வைக்க வந்தவன், பாயத் தயாராகக் கியரிலேயே நின்று தன் ஆயிலைத் தானே கொதிக்கவைத்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் அவன் நகர்ந்தான். இரண்டாவது விளக்கு எரிந்தது.

ஐந்தாவது நொடியில் சிவப்பு வண்டியும் நகர்ந்து நின்றது. பச்சை விளக்கு விழுந்ததும் தரை அதிர்ந்தது. மருமகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மாமியார் கடுகாகிப் போனார். பச்சை வண்டியோ பாதி வழியில் கியர் பிடிக்காமல் வெறுமனே அலறியது.

பலகையில் சிவப்பின் பக்கம் விளக்கு எரிந்தது.

தடத்தின் கடைசியில் மாமியார் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மூச்சிரைக்க ஓடிவந்தவள், இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"பொறக்கறப்பவே குறிச்ச தேதிக்கு மேல பன்னெண்டு நாள் காக்க வெச்சவன் அவன். இந்த நாலு நிமிஷம் எனக்கு எம்மாத்திரம்?"

பச்சை வண்டி புகைந்துகொண்டே ஊர்ந்து வந்தது. அதைப் பார்த்ததும் மாமியாரின் முகம் மாறியது.

"ஓடு, உன் புருஷன் கோவத்துல இன்ஜினை அணைச்சிடப் போறான். நியூட்ரல்ல ஓடவிடச் சொல்லு, ஆயிலாவது ஆறட்டும்."