பச்சை விளக்கு எரியும் மலை

“வாயு குறைஞ்சா மலை தூங்குதுன்னு அர்த்தம்மா. எச்சரிக்கை விளக்கு பச்சையாத்தானே எரியுது?” என்றார் சுற்றுலா மேலாளர் தங்கப்பழம், போனில்.

“தூங்கல சார், மூச்சை அடக்கிட்டு இருக்கு!” அடிவாரக் கண்காணிப்பு அறையில் கோமகள் கத்தினாள். “சுத்திப் பாக்க வந்தவங்க நாத்தம் அடிக்குதுன்னு மூக்கைப் பொத்துனாங்க. உடனே புகைத்துளையை எல்லாம் சிமென்ட் போட்டு அடைச்சது யாரு?”

பத்து வருடமாக அந்தத் தீவு எரிமலை, வாயுவைத் தாராளமாக வெளியே விட்டபடி, தினமும் கூழ் போலக் குழம்பை வழியவிட்டது. உச்சி ஓட்டலில் காபி குடித்தபடி ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது மூன்று நாளாக ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. தரை மட்டும் ஒரு முழம் உப்பியிருந்தது.

“சாயங்காலக் காட்சிக்கு நானூறு பேர் உச்சிக்குப் போயாச்சு. பீதியைக் கிளப்பினா உன் வேலை போயிடும்.”

“போகட்டும்! குளுகுளு அறையில உக்காந்து சொல்றீங்களே, நீங்க மேல போய் நில்லுங்க பாப்போம்!”

போனைத் துண்டித்துவிட்டு, உச்சி ஓட்டலில் தோசை வார்க்கும் கணவன் சூசைராஜை அழைத்தாள். பின்னால் கூட்டம் கைதட்டும் சத்தம் கேட்டது.

“லேசா அதிருது கோமு. காட்சி ஆரம்பிச்சிருச்சுன்னு எல்லாரும் குஷியா இருக்காங்க.”

“ஐயோ, அது காட்சி இல்லைங்க! அடுப்பை அப்படியே போட்டுட்டு, அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டு இப்பவே கீழ இறங்கிடுங்க, கேக்குதா?”