கேசியஸ்

கத்தி இறங்கியதும் நுரையீரல் பிளந்து விழுந்தது.

மேல்நுனியில் ஒரு வெளிர்மஞ்சள் கட்டி. புளியங்கொட்டை அளவு.

"கேசியஸ்" என்றாள் டாக்டர்.

மேசைமேல் கிடந்தவள் இசக்கியம்மாள். இருபத்தாறு வயது. டிபி வந்து ரத்தம் கக்கிச் செத்தாள், விலாவில் இருப்பது விழுந்த காயம் என்று புருஷன் காலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தான். சாட்சிக்கு ஆஸ்பத்திரி அட்டையும் தந்திருந்தான். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் செத்தால் அறுத்துப் பார்ப்பது சட்டம்; இவளுக்கு ஆறே வருடம்.

வாசலில் நின்று குறிப்பெடுத்த ஏட்டையா கேட்டார்.

"அப்படின்னா என்ன மேடம்?"

"பாலாடைக்கட்டி மாதிரி. லத்தீன் வார்த்தை. டிபி தின்ன சதை இப்படித்தான் ஆகும்."

ஏட்டையாவுக்கு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. இந்தப் பிணவறையில் ஒரு காரணம் கிடைத்தால் அத்தோடு தைத்துவிடுவார்கள். உதவியாளர் சவரிமுத்து ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தார்.

அறுத்த மனித நுரையீரலைப் பார்த்துப் பாலாடைக்கட்டியை நினைத்தவன் எவனோ, நல்ல பசியில் இருந்திருக்க வேண்டும். படித்த நாளிலிருந்தே அந்த வார்த்தையின் மேல் டாக்டருக்கு எரிச்சல்.

கட்டியைக் கத்தி முனையால் குத்தினாள்.

இறங்கவில்லை. கரகரத்தது.

சுண்ணாம்பு.

உள்ளே இருந்த நோய் செத்து, இறுகி, வருடங்கள் ஆகியிருந்தன.

அட்டையை வாங்கிப் புரட்டினாள். ஆறு மாத மாத்திரை, ஒரு நாள்கூட விடாமல். கடைசிப் பக்கத்தில் 'குணமடைந்தார்'. தேதி நான்கு வருடம் பழையது. புருஷன் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை போலும்.

குமட்டக் குமட்ட விழுங்கிப் பிழைத்தவள். டாக்டருக்கு ஆத்திரம் வந்தது.

"ஊசியைக் கீழ வைங்க."

வயிற்றைக் கிழித்தாள்.

கறுத்த ரத்தம் மேசை விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. அவள் செருப்பு நனைந்தது. மண்ணீரல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

இடது விலாவில் விரலை ஓட்டினாள். உடைந்த எலும்பு முனை கையுறையைக் கிழித்தது. அடுத்ததும் உடைந்திருந்தது. அதற்கடுத்ததும்.

கீழே தள்ளி மிதித்திருக்கிறான். ஒரு தடவை அல்ல.

ஜன்னலுக்கு வெளியே புருஷன் குரல் கேட்டது.

"எப்பம்மா தருவிய? வண்டி நிக்கி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் அடுத்த விலாவில் இருந்தது.

"எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

ஏட்டையா, டிபி என்று எழுதிய வரியை அடித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். வெளியே போய் அவனை ஒட்டி நின்றுகொண்டார்.