தொரை சொன்னாங்க

“ஏனுங்க வக்கீலம்மா, மாசமா இருக்கறது குத்தமுங்களா?”

நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள் ரேணுகா. ஐந்து மாத வயிறு. குன்னூர் மழையில் நனைந்த ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“குத்தமா! யாரு சொன்னது?” வக்கீல் ஜெஸிந்தா அதிர்ந்துபோனார்.

“தொரை சொன்னாங்க. பதினோரு வருசமா எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து பறிக்கறனுங்க. சூப்பர்வைசர் டெஸ்ட்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. ஆனா ஆர்டர் என்னைவிடக் கம்மி மார்க் வாங்கின பாலுவுக்குப் போயிருச்சு. போய்க் கேட்டா, ‘வயித்தைத் தள்ளிக்கிட்டு மேடேறி எப்படி வேலை வாங்குவே? பெத்துட்டு வா, பார்க்கலாம்’னு சொல்லிப்போட்டாங்க.”

“அடப் பாவி!” பேனாவை மேசையில் அறைந்தார் ஜெஸிந்தா. பெண்களுக்கு அநியாயம் என்றால் போதும், அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“நாலு வருஷத்துக்கு முன்னால வேறொரு எஸ்டேட்காரன் இதே பேச்சைத்தான் பேசினான். பொம்பளை மேடேறி எப்படி வேலை வாங்குவான்னு. கோர்ட்ல நார்நாராக் கிழிச்சேன். மெட்டில்டாவை அசிஸ்டென்ட் மேனேஜர் சீட்டுல உட்கார வச்சுட்டுத்தான் ஓஞ்சேன். அதோ பாரு!”

சுவரில் பேப்பரில் வந்த போட்டோ, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கழுத்தில் மாலையோடு மெட்டில்டா, பக்கத்தில் பூரித்துப்போய் ஜெஸிந்தா. ரேணுகா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பயப்படாதே. அந்த ஆளு யாரா இருந்தாலும் நாளைக்கே நோட்டீஸ் போகும்.”

“யாரா இருந்தாலுமுங்களா?”

“யாரா இருந்தாலும்! சுமக்கறவ கஷ்டம் ஆம்பளைக்கு என்ன தெரியும்? உங்க தொரை ஊட்டுக்காரம்மாவைக் கேட்டா கதை கதையாச் சொல்லும்.”

ஜெஸிந்தா மடமடவென்று எழுதித் தள்ளினார். ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது.

“சரி, தொரை பேரைச் சொல்லு.”

ரேணுகா முந்தானையைத் திருகினாள். “தோட்டத்துல மேனேஜர் சீட்டுல யாரு உக்காந்தாலும் தொரைதானுங்க. ஆம்பளைன்னாலும் தொரைதான்... பொம்பளைன்னாலும் தொரைதான்.”

பேனா நின்றது. “பொம்பளையா?”

“மொதல்லயே சொன்னா நோட்டீஸ் எழுத மாட்டீங்களோன்னு பயந்துட்டனுங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பவே ஜெஸிந்தாவுக்குப் பயமாக இருந்தது.

“சித்திரையில மேனேஜரா மாத்தலாகி வந்தாங்க. அவங்க ரூம்லயும் இதே போட்டோதானுங்க மாட்டியிருக்குது. அதுல உங்க பேரைப் பார்த்துத்தான் உங்களைத் தேடி வந்தேன்.”