பச்சைக் கோடு

கதையில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கோடு போட வேண்டும் என்பது எங்கள் இலக்கிய டீச்சரின் கண்டிப்பு. அன்று பழகுவதற்காக, காலையில் வீட்டில் நடந்ததை ஆளுக்கொரு பக்கம் எழுதி, பக்கத்தில் இருப்பவளிடம் மாற்றிக்கொண்டோம். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். என் தோழி மூன்று நிறங்களில் கோடு போட்டுத் தந்தாள். சிவப்பு அம்மா, நீலம் நான்.

"பச்சை யாருடி?"

"என்னைக் கேட்டா? நீதானே எழுதியிருக்கே!"

பார்த்தேன். என் கையெழுத்தேதான். 'மூன்று தட்டுகள் வைத்தேன். ஒருத்தி மட்டும் சாப்பிடவில்லை.' எழுதும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. 'அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள்' என்ற வரியில் அவள் விரல் நின்றது. அதன் கீழே சிவப்புக் கோடு இருந்தது.

"இதுவும் பச்சைதான்டி," என்றாள். "நான் உனக்குத் தலை பின்னி ரெண்டு வருஷம் ஆச்சு."

காலையில் போட்ட பின்னல், ஒரு முடிகூடக் கலையாமல் என் முதுகில் கிடந்தது.